சிரிப்பும் எக்காளமும்: லூயி ஆம்ஸ்ட்ராங்கை எப்படிக் கேட்பது?



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, ஒடுக்கப்பட்டோர் இசை பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன், ஆனால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்த ஒரு டிரம்பெட் கலைஞரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா பறை அடிப்பவர். பெரிய வீட்டுச் சாவு என்றால் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் ஆள் வரும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ரூபாய் நோட்டைத் தரையில் போட்டு, "வாயால எடுடா" என்பார். பெரியப்பா அடியை விடாமல் இடுப்பை வளைத்துக் குனிந்து அதை வாயால் எடுப்பார். எடுத்துவிட்டு நிமிர்ந்து சிரிப்பார். சமூகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த நான் ஒரு விடுமுறையில் இதைப் பார்த்தேன். அன்றிரவே, "ஏன் பெரியப்பா அவனுங்க முன்னாடி பல்லைக் காட்டுறீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பறையைத் துணியால் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

இதே கேள்வியைக் கறுப்பின இளைஞர்கள் தங்கள் காலத்தின் மிகப் பெரிய கலைஞரைப் பார்த்துக் கேட்டார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் மேடையில் கண்ணை உருட்டுவார், பல் அத்தனையும் தெரியச் சிரிப்பார், வெள்ளைக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார். வெள்ளையர்கள் கைதட்டுவார்கள். 1950களில் அவருக்கு "அங்கிள் டாம்" என்று பெயர் வைத்தார்கள். எஜமானுக்கு இசைந்து போகிற கறுப்பன் என்று பொருள். அந்தப் பெயர் நியாயமானதா என்பதுதான் இன்றைய பேச்சு.

1. பிறப்புப் பதிவேடு

1896ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பருக்குத் தனி இடம், வெள்ளையருக்குத் தனி இடம் என்று பிரிப்பது சட்டப்படி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ரயில் பெட்டியில் அமர்ந்து கைதானவர் ஹோமர் பிளெஸ்ஸி. அவர் நியூ ஆர்லியன்ஸ்காரர். அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஊரில், 1901 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆம்ஸ்ட்ராங் பிறந்தார்.

அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த பிறந்த நாள் வேறு. 1900 ஜூலை 4 என்றார். அது அமெரிக்க விடுதலை நாள். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1980களில்தான் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மையான தேதி கிடைத்தது. அந்தப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்கு அருகே லத்தீனில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று கறுப்பன் என்றது. இன்னொன்று முறைதவறிப் பிறந்தவன் என்றது. பள்ளிச் சேர்க்கையில் சாதிச் சான்றிதழை நீட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பதிவேடு புதிதாக இருக்காது. பிறந்த சில வாரங்களிலேயே எழுத்தில் ஏறிவிட்ட இழிவு அது.

அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். முதல் சில ஆண்டுகள் பாட்டி வளர்த்தார். அம்மா மேயன் வீட்டுவேலை செய்தார். அவர்கள் வாழ்ந்த பகுதிக்குச் சண்டைக்களம் என்றே பட்டப்பெயர். அடிதடி, சூதாட்டம், பாலியல் தொழில் எல்லாம் நிறைந்த தெருக்கள். அம்மா அந்தத் தொழிலுக்கும் போனாரா என்பது தனக்குத் தெரியாது, போயிருந்தாலும் தன் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார் என்று பிற்காலத்தில் ஆம்ஸ்ட்ராங் எழுதினார். அந்த எழுத்தில் அம்மா மீது ஒரு குறையும் இல்லை, மரியாதைதான் இருக்கிறது.

ஏழு வயதளவில் கர்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்திடம் வேலைக்குச் சேர்ந்தார். லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பகலில் பழைய சாமான் வண்டி, இரவில் கரி வண்டி. வண்டியில் உட்கார்ந்து சிறுவன் தகரக் குழல் ஒன்றை ஊதி வாடிக்கையாளர்களை அழைப்பான். அடகுக்கடையில் ஒரு பழைய கார்னெட்டைப் பார்த்து ஆசைப்பட்டான். விலை ஐந்து டாலர். அந்தக் குடும்பம் சம்பளத்தில் முன்பணம் கொடுத்தது. அவர்கள் தங்கள் மேசையில் அவனுக்குச் சாப்பாடும் போட்டார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த அரங்கில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 1969இல், நியூயார்க் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி, அந்தக் குடும்பத்தைப் பற்றி ஆம்ஸ்ட்ராங் பக்கம் பக்கமாகக் கைப்பட எழுதினார். அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சாப்பாட்டை அவர் மறக்கவில்லை.

2. சாவு இசை

உள்நாட்டுப் போர் முடிந்தபின் படைகளின் பித்தளைக் கருவிகள் மலிவாகக் கிடைத்தன. கறுப்பர்கள் அவற்றை வாங்கித் தங்களுக்கென்று வாத்தியக் குழுக்கள் வைத்தார்கள். ஊர்வலம், நடனம், சாவு என எல்லாவற்றுக்கும் அந்தக் குழுக்கள்தான். காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பர்களை அண்டவிடாத காலம் அது. ஆகவே அவர்களே சங்கம் வைத்து, சந்தா கட்டி, உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் செலவில் வாத்தியமும் அடங்கும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான துக்க இசை. புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் போடவைக்கும் துள்ளலிசை. பின்னால் ஊரே ஆடிக்கொண்டு வரும்.

சாவுக்கு ஆடுவது நமக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் மக்கள் பறையடித்தது பெரும்பாலும் மற்றவர் வீட்டுச் சாவுக்கு, கடமையாக, பல நேரங்களில் கட்டாயமாக. நியூ ஆர்லியன்ஸ் கறுப்பர்கள் தங்கள் பிணத்துக்குத் தங்கள் பணத்தில் ஊதினார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் இசை பிறந்தது அந்தத் தன்மதிப்பிலிருந்து. மேடைச் சிரிப்பு பிற்பாடு வந்தது.

1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் பதினொரு வயதுச் சிறுவன் வீட்டிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டான். போலீஸ் பிடித்தது. மறுநாளே கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பியது. வானத்தை நோக்கிச் சுட்ட குழந்தைக்குச் சுமார் ஒன்றரை ஆண்டு அடைப்பு. கறுப்புக் குழந்தையின் விளையாட்டை அரசு குற்றமாகத்தான் பார்க்கும்.

அந்த இல்லத்தில் பீட்டர் டேவிஸ் என்ற இசை ஆசிரியர் இருந்தார். அந்தப் பேட்டைப் பையன் என்று முதலில் அவனை நம்பவில்லை. பிறகு கஞ்சிராவைப் போன்ற டம்பரின், அதற்கடுத்து ஆல்ட்டோ ஹார்ன், பியூகிள், கடைசியில் கார்னெட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சில மாதங்களில் அவன் இல்லத்து வாத்தியக் குழுவின் தலைவன். அந்தக் குழு அவன் பிறந்த பேட்டை வழியாக ஊர்வலம் போனபோது, சூதாடிகளும் பாலியல் தொழிலாளர்களும் தொப்பியில் காசு போட்டுத் தள்ளினார்கள். இல்லத்துக்குச் சீருடையும் புதிய கருவிகளும் வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அதே 1913இல்தான் நம் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் வந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இருவரும் சந்தித்ததில்லை. ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் கார்னெட்டைப் பிடித்துக்கொண்டார் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

3. சிகாகோ

1914இல் வெளியே வந்ததும் கரி வண்டி ஓட்டினார். இரவில் மதுக்கடைகளில் வாசித்தார். பிறகு மிசிசிப்பி ஆற்றில் ஓடும் உல்லாசப் படகுகளில் ஃபேட் மேரபிள் குழுவில் வாசித்து, இசைக்குறிப்பு பார்த்து வாசிக்கக் கற்றார்.

1922 ஆகஸ்டில், அவர் குருவாக மதித்த கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் சிகாகோவிலிருந்து அழைத்தார். ரயிலில் கறுப்பருக்குச் சாப்பாடு கிடைப்பது அரிது. அம்மா மீன் சாண்ட்விச் கட்டிக்கொடுத்தார். அந்தப் பொட்டலத்தோடுதான் உலக இசையை மாற்றப்போகிறவர் வண்டியேறினார். அவர் தனியாகப் போகவில்லை. 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பர்கள் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். பருத்திக்காட்டுக் கூலியிலிருந்தும், மரத்தில் தூக்கிலிடும் கும்பல்களிடமிருந்தும் தப்பி ஓடியவர்கள். அந்த மக்கள் புதிய நகரத்தில் தேடிய குரலாக ஜாஸ் இருந்தது.

1923 ஏப்ரலில் ஆலிவர் குழு இந்தியானா மாநிலத்து ஜெனெட் நிறுவனத்தில் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. மைக் இல்லாத காலம். ஒரு பெரிய புனலுக்கு முன்னால் எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரைப் பின்னால் தள்ளி நிற்கவைத்தார்கள். அந்த மாநிலத்தில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பு வெகு வலுவாக இருந்தது. அதே ஜெனெட் நிறுவனம் கூலிக்குக் கிளானின் இசைத்தட்டுகளையும் அச்சிட்டுக் கொடுத்தது. காசு வந்தால் சந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே லில் ஹார்டின் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஆலிவர் குழுவின் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், படித்த பெண். 1924இல் ஆம்ஸ்ட்ராங்கை மணந்தார். நீ இரண்டாவது ஆளாக நிற்கப் பிறந்தவனல்ல என்று அவரை ஆலிவரிடமிருந்து விலகவைத்தவர் லில். நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் ஓராண்டு வாசித்துவிட்டுத் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், 1925 நவம்பரில் தன் பெயரிலேயே "ஹாட் ஃபைவ்" குழுவோடு பதிவு செய்யத் தொடங்கினார். பியானோவில் லில். அந்தக் காலத்தில் கறுப்பர்களின் இசைத்தட்டுகளை "இனத் தட்டுகள்" என்று தனிப் பட்டியலில் விற்றார்கள். ரயில் பெட்டியைப் போலவே பாட்டுக்கும் தனிப் பெட்டி.

அந்தத் தனிப் பெட்டியில் இருந்துகொண்டு அவர் என்ன செய்தார்? அதுவரை ஜாஸ் என்பது கூட்டு வாசிப்பு. எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போகும். ஆம்ஸ்ட்ராங் அந்தப் பின்னலிலிருந்து ஒரு தனிக் குரலை எழுப்பினார். ஒரு கலைஞன் எழுந்து நின்று, அந்தக் கணத்தில் தோன்றுவதை, ஒரு கதை சொல்வதுபோல் முதலும் முடிவும் வைத்துச் சொல்லலாம் என்று காட்டினார். தாளத்தைச் சற்றுப் பிந்தியும் முந்தியும் தொட்டு ஊசலாடவைத்தார். அந்த ஊசலுக்குத்தான் "ஸ்விங்" என்று பெயர். 1926இல் வந்த "ஹீபி ஜீபீஸ்" தட்டில் சொல்லை விட்டுவிட்டு வெறும் ஓசைகளால் பாடினார். அவருக்கு முன்பும் சிலர் அப்படிப் பாடியதுண்டு. ஆனால் அந்தத் தட்டுக்குப் பிறகுதான் "ஸ்காட்" பாடுவது ஊரெங்கும் பரவியது. கரகரத்த அந்தக் குரல் டிரம்பெட்டைப் போலப் பாடியது, டிரம்பெட் மனிதரைப் போலப் பேசியது.

1928 ஜூன் மாதம் பதிவான "வெஸ்ட் எண்ட் புளூஸ்" தட்டை மாணவர்கள் இன்றிரவே கேளுங்கள். துணைக்கு யாருமின்றித் தனியாக டிரம்பெட் தொடங்கும். பதினைந்து நொடிக்குள் முடிந்துவிடும் அந்த முகப்பு, ஒரு மனிதன் கைவிலங்கை உதறிக்கொண்டு படிப்படியாக மேலேறுவதுபோல் எனக்குக் கேட்கும். அதை வாசித்தபோது அவருக்கு வயது 26. அந்தத் தட்டில் முகம் தெரியாது. சிரிப்பும் தெரியாது. மூச்சு மட்டும்தான் கேட்கும்.

4. தெற்கின் சாலைகள்

புகழ் வந்தபின் வாழ்க்கை மாறியதா? 1931இல் ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சொந்த ஊருக்குப் போனார். ஊர் திரண்டு வரவேற்றது. ஆனால் அவர் வாசித்த அரங்கத்துக்குள் கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை. வெளியே ஆற்றங்கரையில் கூட்டம் கூட்டமாக நின்று, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். நிகழ்ச்சி வானொலியில் ஒலிபரப்பாக வேண்டும். வெள்ளை அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துவிட்டு, இந்தக் கறுப்பனை என்னால் அறிமுகப்படுத்த முடியாது என்று போய்விட்டார். ஆம்ஸ்ட்ராங் தானே மைக்கின் முன் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அதே ஆண்டு மெம்பிஸ் நகரில் குழுவோடு பேருந்தில் போனபோது, மேலாளரின் வெள்ளை மனைவியின் அருகே அமர்ந்திருந்தார் என்பதற்காகப் போலீஸ் அவரையும் குழுவையும் சிறையில் அடைத்தது. வெளியே வந்தபின் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் மெம்பிஸ் காவல்துறைக்கு ஒரு பாட்டைச் சமர்ப்பணம் செய்தார். நீ செத்துத் தொலைந்தால் எனக்கு மகிழ்ச்சி என்று ஒரு போக்கிரியைப் பார்த்துச் சொல்லும் பாட்டு அது. சிரித்துக்கொண்டேதான் பாடினார். அந்தச் சிரிப்புக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்கு இது முதல் தடயம்.

1935இல் ஜோ கிளேசர் அவருக்கு மேலாளரானார். சிகாகோ குற்றக் கும்பல்களின் உலகத்தை நன்கு அறிந்த வெள்ளையர். நியூ ஆர்லியன்ஸை விட்டுக் கிளம்பும்போது பேட்டையின் மூத்தவர் பிளாக் பென்னி சொன்ன அறிவுரையை ஆம்ஸ்ட்ராங் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். இவன் என் ஆள் என்று உன் தோளில் கைபோடும் ஒரு வெள்ளைக்காரனை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். கேட்கக் கூசுகிறது. ஆனால் கறுப்பரை அடித்துக் கொன்றாலும் கேள்வி கேட்க ஆளில்லாத நாட்டில், உயிரோடு வாசிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. நம் கிராமங்களில் யாருடைய பண்ணையாள் என்று சொல்லித்தான் ஊர்த் தெருவில் நடக்க முடிந்த காலம் இருந்ததல்லவா?

உடல் கொடுத்த விலையும் உண்டு. உயர்ந்த சுரங்களை இரவு இரவாக ஊதியதில் அவர் உதடு கிழிந்தது. 1930களின் நடுவில் மாதக்கணக்கில் கருவியைத் தொட முடியாமல் இருந்தார். வாயைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு மருத்துவர்கள் பிற்பாடு அவருடைய பட்டப்பெயரான "சாட்ச்மோ"வையே சூட்டினார்கள். உலகம் பார்த்துக் கேலி செய்த அந்த அகலச் சிரிப்பு, தழும்பேறிய உதட்டிலிருந்துதான் வந்தது.

5. குற்றச்சாட்டு

குற்றச்சாட்டை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். 1949இல் நியூ ஆர்லியன்ஸ் திருவிழாவில் அவர் "ஜூலு" மன்னராக வலம் வந்தார். முகத்தில் கரி பூசி, கண்ணையும் வாயையும் சுற்றி வெள்ளை தீட்டி, புல்லால் ஆன பாவாடை கட்டி. கறுப்பர்களை இழிவுபடுத்த வெள்ளையர் போட்ட வேடம் அல்லவா அது என்று வடக்கின் படித்த கறுப்பர்கள் கொதித்தார்கள். அவருக்கு அது வேறாக இருந்தது. ஜூலு சங்கம் ஏழைக் கறுப்பர்களின் அடக்கச் செலவைப் பார்த்துக்கொள்ளும் சங்கங்களில் ஒன்று. வெள்ளையரின் திருவிழா ராஜாவைப் பகடி செய்யத்தான் அந்த வேடம். சிறுவயதிலிருந்தே அந்த மன்னராக வேண்டும் என்பது அவர் கனவு. இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் பகடி யாருக்குப் புரிகிறது, யாருக்கு வெறும் கரிமுகமாகத் தெரிகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த தலைமுறை டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி அவரைத் தோட்டத்து அடிமைப் பாத்திரம் என்ற பொருளில் விமர்சித்தார். மைல்ஸ் டேவிஸ் அவர் வாசிப்பை நேசித்தார், சிரிப்பை வெறுத்தார். பின்னாளில் கில்லெஸ்பி நியூயார்க்கில் ஆம்ஸ்ட்ராங் வீட்டுக்கு அருகிலேயே குடியிருந்தார். 1979இல் வெளியான தன்வரலாற்றில், தான் அன்று புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். நிறவெறி மீதான கோபம்கூடத் தன் மகிழ்ச்சியைத் திருட அந்த மனிதர் விடவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கண்டேன் என்ற பொருளில் எழுதினார்.

நடிகரும் போராளியுமான ஆஸி டேவிஸ் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. 1966இல் வெளியான "எ மேன் கால்டு ஆடம்" படத்தின் படப்பிடிப்பு. உணவு இடைவேளையில் எல்லோரும் போய்விட்டார்கள். டேவிஸ் திரும்பி வந்தபோது, ஆம்ஸ்ட்ராங் தனியாக உட்கார்ந்து எங்கோ வெறித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு துயரமான முகத்தை டேவிஸ் அதுவரை பார்த்ததில்லை. ஆள் வந்ததை உணர்ந்ததும் ஒரே நொடியில் அந்தப் பழைய சிரிப்பு முகத்தில் ஏறிக்கொண்டது. தானும் சேர்ந்து கேலி செய்த அந்த மனிதருக்குள் தன் அப்பாவும் மாமன்களும் தானும் இருப்பதை அன்று கண்டதாக டேவிஸ் சொன்னார்.

6. 1957 செப்டம்பர்

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளியில் சேர வந்தார்கள். நீதிமன்றம் அனுமதித்திருந்தது. ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் துப்பாக்கி ஏந்திய காவற்படையை நிறுத்தித் தடுத்தார். பதினைந்து வயது எலிசபெத் எக்ஃபோர்டு தனியாக நடந்து வர, பின்னால் வெள்ளைக் கும்பல் கத்திக்கொண்டு வரும் அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜனாதிபதி ஐசனோவர் மூன்று வாரம் தயங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஆம்ஸ்ட்ராங் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் கச்சேரிக்கு வந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை பார்த்த இருபத்தொரு வயது மாணவர் லாரி லூபனோ, விடுதி ஊழியரோடு சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் அறைக்குள் நுழைந்து பேட்டி கேட்டார். அரசியல் கேட்காதே என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் லிட்டில் ராக் பற்றிக் கேட்டதும் ஆம்ஸ்ட்ராங் வெடித்தார். தெற்கில் என் மக்களை நடத்தும் விதத்துக்கு இந்த அரசாங்கம் நரகத்துக்குப் போகட்டும் என்றார். ஜனாதிபதி இரட்டை முகக்காரர், துணிச்சல் இல்லாதவர் என்றார். ஆளுநரைப் பற்றி அவர் சொன்ன வசைகள் அச்சில் ஏறக்கூடியவை அல்ல. படிப்பறிவில்லாத ஏர்க்காரன் என்று இருவரும் சேர்ந்து திருத்திக்கொண்டார்கள். அரசு சார்பில் சோவியத் நாட்டுக்குப் போகவிருந்த பயணத்தையும் கைவிடுவதாக அறிவித்தார். அங்கே உன் நாட்டில் என்ன கோளாறு என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்பது அவர் கேள்வி.

இந்தச் செய்தியை நம்ப ஆசிரியர் குழு மறுத்தது, சான்று கேட்டது. லூபனோ எழுதியதை எடுத்துக்கொண்டு மறுநாள் திரும்பிப் போனார். ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவருடைய பயண மேலாளர் சமாளிக்கப் பார்த்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. தெற்கில் வானொலி நிலையம் அவர் தட்டுகளைத் தூக்கியெறிந்தது. கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. பிரிக்கப்பட்ட அரங்குகளில் வாசிப்பவருக்கு இப்படிப் பேச என்ன தகுதி என்று பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பர்களே கேட்டார்கள். ஜாக்கி ராபின்சன் போன்றோர் துணை நின்றார்கள்.

செப்டம்பர் 24 அன்று ஐசனோவர் படையை அனுப்பினார். ஆம்ஸ்ட்ராங் பேசியதால்தான் அனுப்பினார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒன்பது பிள்ளைகளின் துணிவும் அவர்களுக்குப் பின்னால் நின்ற இயக்கமும்தான் முதன்மை. ஆனால் கறுப்பினக் கலைஞர்களில் மிக அதிகமாக இழக்க வாய்ப்பிருந்த ஒருவர், யாரும் கட்டாயப்படுத்தாமல், ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையிடம் அதைச் சொன்னார்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956இல் லூசியானா மாநிலம் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக மேடையேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் இருவரும் இருந்தார்கள். என் குழுவோடு வாசிக்க விடாத ஊரில் வாசிக்க மாட்டேன் என்று பிறந்த ஊரையே ஒதுக்கிவைத்தார். சிவில் உரிமைச் சட்டம் வந்தபின் 1965இல்தான் மறுபடி அங்கே வாசித்தார். ஊர் நம்மை விலக்கிவைத்த கதைகளே நிறையக் கேட்டவர்கள் நாம். இவர் ஊரை விலக்கிவைத்தார்.

7. யாருடைய தூதர்?

அவருக்கு "சாட்ச்மோ தூதர்" என்றொரு பெயருண்டு. பனிப்போர்க் காலத்தில் எங்கள் நாட்டில் நிறவெறி இல்லை என்று காட்ட அமெரிக்க அரசுக்குக் கறுப்புக் கலைஞர்கள் தேவைப்பட்டார்கள். 1956இல் கானா சென்றார். நாடு விடுதலையாகச் சில மாதங்களே இருந்தன. அக்ராவில் பெருங்கூட்டம். முன்வரிசையில் அமர்ந்திருந்த குவாமே நிக்ருமாவுக்குச் சமர்ப்பணமாக, "பிளாக் அண்ட் புளூ" பாட்டைப் பாடினார். கறுப்பாகப் பிறந்ததற்கு நான் செய்த குற்றம் என்ன என்று கேட்கும் பாட்டு. 1929இல் ஒரு மேடை நாடகத்துக்காக ஆண்டி ராசாஃப் எழுதியதை, ஆம்ஸ்ட்ராங் ஒரு இனத்தின் முறையீடாக மாற்றினார். அந்தப் பாட்டில் தன் அகத்தை வெள்ளை என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நேர்மையைக் குறிக்கும், ஓசையில் நெருங்கிய இன்னொரு சொல்லை வைத்துப் பாடினார். ஒரே ஒரு எழுத்தோசைதான் மாறியது. நல்லது எல்லாம் வெள்ளை என்ற பொருள் அதில் செத்துவிழுந்தது.

ஆனால் 1960இல் காங்கோவிலும் வாசித்தார். அப்போது மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் பட்ரிஸ் லுமும்பா அதே நகரத்தில் வீட்டுக்காவலில் இருந்தார். ஆம்ஸ்ட்ராங்கை மக்கள் சிம்மாசனத்தில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். சில மாதங்களில், 1961 ஜனவரியில், லுமும்பா கொல்லப்பட்டார். வல்லரசின் விளையாட்டுக்கு இசையும் திரைச்சீலையாகப் பயன்பட்டது. இதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். கலைஞனின் நல்லெண்ணம் மட்டும் போதாது, தன்னை யார் எதற்காக அனுப்புகிறார்கள் என்ற அறிவும் வேண்டும். அரசு விழா மேடைகளில் பறையடிக்க அழைப்பு வரும்போது நம் குழுக்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

1965 மார்ச்சில் செல்மா நகரில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஐரோப்பாவில் இருந்த ஆம்ஸ்ட்ராங், அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நோய்வாய்ப்பட்டதுபோல் ஆனேன் என்றார். இயேசுவே கறுப்பராக வந்து ஊர்வலம் போனாலும் அடிப்பார்கள் என்றார். அதே மாதம் கிழக்கு பெர்லினில் பத்திரிகையாளர்கள் அமெரிக்காவைப் பற்றித் துருவியபோது பிடிகொடுக்காமல் பேசினார். இரவு மேடையில் "பிளாக் அண்ட் புளூ" வாசித்தார். பேச முடியாததை எங்கே பேச வேண்டுமோ அங்கே பேசினார்.

8. பெட்டிகளில் இருந்த குரல்

"ஹலோ டாலி", "வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்டு" எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றைக் கடந்து போகிறேன். 1971 ஜூலை 6ஆம் தேதி நியூயார்க்கின் கொரோனா பகுதியில் தன் வீட்டில் உறங்கும்போது இறந்தார். மாளிகை வாங்க வசதி இருந்தும், உழைப்பாளிகள் வாழ்ந்த அந்தத் தெருவை அவர் விட்டுப் போகவில்லை.

அவருக்குப் பிறகு அந்த வீட்டில் நூற்றுக்கணக்கான ஒலிநாடாச் சுருள்கள் இருந்தன. நண்பர்களோடு பேசியது, சாலையில் பட்ட அவமானங்கள், கெட்ட வார்த்தைகள், கோபம், நகைச்சுவை எல்லாவற்றையும் தானே பதிவு செய்து வைத்திருந்தார். பெட்டிகளின் அட்டையில் படங்களை வெட்டி ஒட்டி அலங்கரித்திருந்தார். போகுமிடமெல்லாம் தட்டச்சுப் பொறியும் கூடவே போயிற்று. மேலாளரோ பதிப்பாளரோ திருத்தாத ஒரு ஆம்ஸ்ட்ராங் அந்தப் பெட்டிகளில் இருக்கிறார். சிரித்த முகத்தை மற்றவர்கள் படமெடுத்துக்கொண்டார்கள். சிரிக்காத குரலை அவர் தானே பதிவு செய்துகொண்டார். இன்று அந்த வீடு அருங்காட்சியகம். ஆய்வாளர்கள் அந்த நாடாக்களைக் கேட்டு வரலாற்றைத் திருத்தி எழுதுகிறார்கள்.

அவர் இறந்த மறு ஆண்டு, 1972இல், பம்பாயில் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை ஏற்று தலித் பேந்தர்ஸ் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1946இல், அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு, இரு மக்களின் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கடிதம் எழுதினார். நாம் அவர்களிடமிருந்து கோபத்தைக் கற்றோம், கோட்பாட்டைக் கற்றோம். கோபத்தை ஒளித்துவைத்தவர்களைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் சுயமரியாதை. அதே பறையை மேடையில் ஏற்றி விடுதலையின் குரலாக முழக்கியதும் நம் சுயமரியாதை. இந்த இரண்டுக்கும் நடுவே, மறுக்கவும் முடியாமல் மேடையும் கிடைக்காமல், சிரித்துக்கொண்டே அடித்து நம்மைப் படிக்கவைத்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களை நாம் வெட்கத்தோடு கடந்து வந்துவிட்டோம்.

பெரியப்பா இறந்த பிறகு அம்மா ஒன்று சொன்னார். நான் அந்தக் கேள்வி கேட்பதற்குப் பல வருடம் முன்னால், எங்கள் தெருப் பெண் ஒருத்தியை அந்தப் பெரிய வீட்டார் அடித்திருக்கிறார்கள். அடுத்த மாதமே அந்த வீட்டில் ஒரு சாவு. ஆள் வந்து கூப்பிட்டபோது பெரியப்பா போகவில்லை. எங்கள் தெருவுக்கு ஆறு மாதம் யாரும் வேலை கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதம் குடும்பம் என்ன தின்றது என்று நான் கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சிரித்ததை நான் பார்த்தேன். அவர் மறுத்த நாளை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய அடியை ஒரு ஒலிநாடாவில்கூட யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கும் கலைஞர்களிடம் போங்கள். கையில் இருக்கும் கைபேசியில் அவர்கள் அடியைப் பதிவு செய்யுங்கள். பிறகு, ஏன் சிரித்தீர்கள் என்று கேட்காமல், எந்த நாளில் சிரிக்க மறுத்தீர்கள் என்று கேளுங்கள்.